மாதோட்டத்தில் ஒரு புதிய பழைமை

மன்னாரில் செங்குத்துப் பாறை கிடையாது. தலைமன்னார் முனையிலிருந்து புறப்பட்டுத் தாம்போதியைக் கடந்து பழைய மாதோட்டமான மாந்தை வரை வந்தாலும் மணல், உவர்நிலம், சுண்ணாம்புக்கல், பனை, இடையில் அரபிகள் நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரங்கள் சில. தெற்கே அரிப்புக் கரையில் நிலம் கொஞ்சம் மேடு தட்டுகிறது. அதையும் கடல் விடுவதில்லை. ஆளுநர் பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கட்டிய மாளிகை இடிந்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும். மலைமுகத்தில் தெய்வம் செதுக்க நினைக்கும் சிற்பிக்கு இந்த மண்ணில் வேலையில்லை. அருவியாற்றின் கரையைப் பிடித்து உள்நாட்டுக்குள் போனால், அந்த ஆறு மல்வத்து ஓயா என்று அழைக்கப்படும் பகுதியில், தந்திரிமலையில், பாறையோடு பாறையாகச் செதுக்கிய புத்தர்களைக் காணலாம். மன்னார்ச் சந்திகளில் இன்று நாம் பார்க்கும் புத்தர் சிலைகளோ வேறிடத்தில் செய்து கொண்டுவந்து வைக்கப்பட்டவை.

கொண்டுவந்து வைப்பது பாவமில்லை. எல்லாச் சமயத்தாரும் அதைத்தான் செய்கிறோம். யாருடைய காணியில், யாரைக் கேட்டு, என்ன பெயர் சொல்லி வைத்தார்கள் என்பதைக் கேட்டால்தான் நியாயமும் அநியாயமும் தெரியவரும். போர் முடிந்த பிறகு, படையினர் நிலைகொண்டிருந்த சூழலில், திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்கு அருகே மாதோட்ட ரஜமகா விகாரை என்ற பெயரில் ஒரு விகாரை எழுந்தது. தனியார் காணி என்று எதிர்ப்பு வந்தது. கோயில் தரப்பு ஆட்சேபித்தது. விகாரை வளர்ந்துகொண்டே போனது. அது எழுப்பப்பட்ட விதம் தவறு என்பது நமது தீர்ப்பு. அதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால், அது ஏன் தவறு என்று நம்மவர்கள் பலர் சொல்லும் காரணமும் தவறுதான். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

“மாதோட்டத்துக்கும் பௌத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று மேடைகளில் கேட்கிறார்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது. அதை ஒளிக்கப் பார்ப்பவர்கள் தங்களை அறியாமலேயே எதிர்த்தரப்புக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சம்பந்தத்தைப் பார்க்கத் தெற்கிலிருந்து தொடங்கலாம். மொனராகலை மாவட்டத்தில், வெல்லவாயாவுக்குப் பக்கத்தில், புதுருவகல என்ற இடம் இருக்கிறது. காட்டு நடுவே ஒரே பாறைமுகத்தில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கும் புத்தரின் உயரம் 50 அடிக்குச் சற்று மேல். 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பார்கள். புத்தருக்கு ஒரு பக்கத்தில் அவலோகிதேசுவரர். அவர் மேனியில் அன்று பூசிய வெண்சாந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அருகே இடை வளைத்து நிற்கும் தாரை. மறுபக்கம் மைத்திரேயர், வச்சிரம் ஏந்திய வச்சிரபாணி. மாத்தறைப் பக்கம் வெலிகமவில் குஷ்டராஜகல என்ற பாறையில் இன்னொரு போதிசத்துவர். மகுடத்தில் சிறு சிறு புத்தர்கள், கழுத்தில் அரசர்க்குரிய அணிகள். தோல்நோயோடு கப்பலில் வந்திறங்கிய ஓர் அயல்நாட்டு அரசன் தேங்காய் தின்று குணமாகி, நன்றிக்கடனாக இதைச் செதுக்குவித்தான் என்று ஊரார் கதை சொல்கிறார்கள். நோயாளியாக வந்தவனுக்கு ஊர் மருந்து கொடுத்தது, அவன் சிலை கொடுத்துவிட்டுப் போனான் என்ற அளவில் அந்தக் கதை நமக்குப் பிடித்திருக்கிறது.

இந்த அவலோகிதேசுவரர் யார்? கருணையின் வடிவம் என்று நூல்கள் சொல்லும். கப்பல்காரர்களுக்கு அவர் நடுக்கடலில் கூப்பிட்டால் வரும் தெய்வம். புயல், சுறா, கொள்ளைக்காரர், உடைந்த பாய்மரம் என்று எது வந்தாலும் அவர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்கள். தாரையும் அப்படித்தான்; கடக்க வைப்பவள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்து, ஆளுநர் பிரவுன்ரிக் கையால் 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போன அந்தப் பொன்பூசிய வெண்கலத் தாரையைப் படத்திலாவது பாராதவர் குறைவு. திருகோணமலைக்கு வடக்கே திரியாயில் பாறையில் பல்லவக் கிரந்தத்தில் வெட்டிய ஒரு சமற்கிருதக் கல்வெட்டு உண்டு. கடல் கடந்து வணிகம் செய்தவர்களின் கல்வெட்டு அது. அதிலும் அவலோகிதேசுவரர் வருகிறார்.

தமிழருக்கு அவர் இன்னும் நெருக்கமானவர். 7ஆம் நூற்றாண்டில் காஞ்சி வரை வந்த சீனப் பயணி யுவான் சுவாங், தெற்கே மலையக் குன்றுகளில் உள்ள பொதலகம் அந்தப் போதிசத்துவரின் உறைவிடம் என்று எழுதிவைத்தார். அருகிலிருந்த கடற்கரையிலிருந்து சிங்களத் தீவுக்குக் கப்பல் ஏறுவார்கள் என்றும் குறித்தார். அந்த மலை நம் பொதிகைதான் என்று ஷு ஹிகோசாகா போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழியம் என்ற இலக்கணம் எழுதிய புத்தமித்திரர், அகத்தியருக்குத் தமிழைக் கற்பித்தவரே அவலோகிதர்தான் என்கிறார். சிவனிடம் கற்றார், முருகனிடம் கற்றார் என்று சைவர்கள் சொல்வதைப் போலத்தான் இதுவும். யார் சொல்வது உண்மை என்று விசாரிக்க இங்கே யாரும் கூடவில்லை. தமிழின் பிறப்புக் கதைக்குள்ளேயே ஒரு பௌத்தத் தெய்வத்தை வைக்க ஒரு தமிழ் இலக்கணக்காரருக்கு உரிமை இருந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. மணிமேகலா தெய்வமும் கடலில் தத்தளிக்கும் நல்லவர்களைக் கரைசேர்க்கும் பௌத்தக் கடல்தெய்வம்தானே? அந்தப் பெயரைத் தலைப்பாகக் கொண்ட காப்பியத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, “பௌத்தம் நமக்கு அந்நியம்” என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

வட இலங்கையின் பெருந்துறைமுகமாக மாதோட்டம் விளங்கிய நூற்றாண்டுகளில் அங்கே நங்கூரம் பாய்ச்சிய மாலுமிகளில் ஒரு சாரார் கேதீச்சரத்து நாதனைக் கும்பிட்டிருப்பார்கள். ஒரு சாரார் அவலோகிதரைக் கும்பிட்டிருப்பார்கள். இரண்டு பேரையும் கும்பிட்டவர்களும் இருந்திருப்பார்கள். புயலுக்குப் பயந்தவன் சமயக் கணக்குப் பார்ப்பதில்லை.

மாதோட்டத்தின் ஏட்டைக் கொஞ்சம் புரட்டலாம். மகாவம்சத்துக்கு அது மகாதித்தம். விசயனுக்கு வாழ்க்கைப்பட்ட பாண்டிய இளவரசி வந்திறங்கிய துறை. சம்பந்தரும் சுந்தரரும் பாலாவிக் கரையின் இறைவனைப் பாடினார்கள். மன்னார்க் கச்சேரியில் இருந்த 9ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு சிங்களத்தில் இருக்கிறது. பௌத்தப் பள்ளி ஒன்றுக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்குச் சொல்கிறது. சோழர் ஆட்சி வந்தபோது இதே ஊர் இராசராசபுரம் ஆனது. தாழிகுமரன் என்ற அதிகாரி இராசராசேச்சுரம் எடுத்தான். அந்தக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் தோண்டியபோது சீனப் பீங்கானும் பாரசீகப் பானை ஓடுகளும் வெளிவந்தன. சிலுவை பொறித்த சுடுமண் முத்திரை ஒன்றும் கிடைத்தது, பாரசீகக் கிறித்தவர்களுடையது. அந்த வேலையைப் போர் நிறுத்தியது. போருக்குப் பின் மறுபடி தோண்டி எடுத்த மண்ணைச் சலித்தவர்களுக்கு மிளகும் கராம்பும் அகப்பட்டன. கராம்பு கிழக்கே பல்லாயிரம் கல் தொலைவிலிருந்த மலுக்குத் தீவுகளிலிருந்து வந்த சரக்கு. மாந்தைக் கிராமத்துக் கத்தோலிக்கர் ஒல்லாந்தருக்குப் பயந்து காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடிய மாதா சொரூபம்தான் இன்றைய மடு மாதா. ஆவணித் திருநாளுக்குத் தெற்கிலிருந்து வரும் சிங்களவரில் பௌத்தரும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வாசலில் நிறுத்தி மதம் கேட்பதில்லை.

இந்த ஏட்டிலிருந்து இன்னும் ஒன்றை மட்டும் தனியாக எடுத்துச் சொல்ல ஆசை. 10ஆம் நூற்றாண்டுச் சிங்களக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஒரு சாபம் வருகிறது. இந்தத் தருமத்தை மீறியவன் மாதோட்டத்தில் பசுவைக் கொன்றவனின் பாவத்தை அடைவான் என்பது அதன் கருத்து. எழுதியவர்கள் அநுராதபுரத்துப் பௌத்த அரசின் அதிகாரிகள். தங்கள் ஆணைக்குக் காவலாக அவர்கள் தேடிப்பிடித்த மிகக் கொடிய பாவம், ஒரு சைவத் தலத்தின் எல்லைக்குள் செய்யப்படும் பாவம்! அநுராதபுரத்து மன்னனுக்கு மாதோட்டத்தின் சைவப் புனிதம் தன் மதத்துக்குப் போட்டியாகத் தோன்றவில்லை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு, அதே எல்லைக்குள், அதே தலத்தாரின் ஆட்சேபத்தைக் காதில் வாங்காமல் கட்டுகிறவர்கள் அவனுடைய கல்வெட்டைப் படித்ததில்லை. படித்திருந்தும் கட்டியிருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே மாதோட்டத்தில் பௌத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இருந்ததால்தான் இந்தப் புதிய கட்டடம் தவறாகிறது. ரஜமகா விகாரை என்பது பழங்கால அரசர் நிறுவிய விகாரைகளுக்கு வழங்கும் தகுதி. நம் கண்ணெதிரே எழுந்த சுவருக்கு அந்தத் தகுதியைச் சூட்டும்போது, மண்ணுக்கடியில் இருக்கும் மெய்யான பழைய பள்ளிக்கு யார் பேசுவார்கள்? அதைத் தேடி எடுக்க வேண்டிய தேவையே போய்விடுகிறது. புதுருவகலப் பாறையைச் செதுக்கியவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் பெயர் விடவில்லை, வேலி போடவில்லை, அறிவிப்புப் பலகை நடவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவன் எந்த மதத்தவனானாலும் அண்ணாந்து பார்க்கிறான். சந்தியில் இறக்கப்படும் சிலையைப் பார்க்கிறவன் முதலில் பார்ப்பது, பக்கத்தில் நிற்கும் சீருடையைத்தான்.

பௌத்தக் காவலர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்வோருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அவலோகிதரும் தாரையும் மகாயானத் தெய்வங்கள். மகாயானத்தின் ஒரு பிரிவைப் பரப்பி மகாசேன மன்னனை வசப்படுத்தியவர் சோழ நாட்டிலிருந்து போன சங்கமித்திரர் என்ற பிக்கு என்று மகாவம்சமே கசப்போடு எழுதுகிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சங்கத்தை ஒன்றாக்கினான். மகாயானத்துக்கு இடம் கொடுத்த அபயகிரி விகாரையின் தனிவழிக்கு அத்தோடு இடமில்லாமல் போனது. பாறையில் இருந்த போதிசத்துவர்கள் காட்டுக்குள் விடப்பட்டார்கள். மக்கள் மட்டும் விடவில்லை, நாத தெய்வம் என்ற பெயரில் கண்டியில் இன்றைக்கும் தேவாலயம் கட்டிக் கும்பிடுகிறார்கள். தூய தேரவாத சிங்கள பௌத்தம் ஒன்றே இந்தத் தீவின் மரபு என்று முழங்குகிறவர்களின் ‘மரபுரிமை’ப் பட்டியலில், ஒரு காலத்தில் அந்தத் தூய்மையின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களின் சிற்பங்கள் முதல் வரிசையில் நிற்கின்றன. வரலாறு இவ்வளவு கலப்படமாக இருக்கும்போது எந்த எலும்பை எடுத்து யார் கொடி கட்டுவது?

எலும்பு என்றதும் மன்னாரார் மனதில் வேறொன்று வரும். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்கு அருகே தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன, எண்பதுக்கும் மேல். அது பழைய மயானம் என்றது தொல்லியல் திணைக்களம். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. 2018இல் மன்னார் நகரின் சதொச வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. சில மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், 15 முதல் 17ஆம் நூற்றாண்டுக்குள் உள்ளவை என்ற முடிவோடு திரும்பின. அந்த ஆய்வுக்கூடத்தின் நேர்மையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடி அந்தக் குழியருகே வந்து நிற்கும்போது, ‘இது பழையது’ என்று சொல்கிறவர்மேல் அவளுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் ‘இது பழையது’ என்று சொல்லி விகாரை கட்டுகிறவரும், திருக்கேதீச்சரக் குழியில் ‘இது பழையது’ என்று சொல்லி மூடுகிறவரும் ஒரே திணைக்களத்தவராக இருந்தால், அவள் எதை நம்புவாள்?

அந்தத் திணைக்களம் ஒரு காலத்தில் மதிப்புக்குரியது. 1940இன் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நல்ல சட்டம். பாதுகாக்கப்பட்ட ஒதுக்கில் அனுமதியில்லாமல் எவரும் கட்டக் கூடாது. எவரும் என்றால் பிக்குவும் அடங்க வேண்டும் அல்லவா? அதே குருந்தூர்மலையில் 2022 யூலையில் நீதவான் நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகும் கட்டுமானம் தொடர்ந்தது என்பது நீதிமன்ற ஏட்டிலேயே இருக்கிறது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ரி. சரவணராஜா 2023 செப்டெம்பரில், உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகி நாட்டை விட்டே போனார். வவுனியா வடக்கில் பழைய பிராமி எழுத்துகள் உள்ள வெடுக்குநாறிமலையில் 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைக்கப்பட்டன. அடுத்த ஆண்டுச் சிவராத்திரியன்று வழிபட்டவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. பாறைமேல் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியவனைக் காக்கும் பொறுப்புள்ள அரசு, அந்தப் பாறையருகே பூவோடு வந்தவர்களைக் கூண்டில் ஏற்றியது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று அமைத்த சனாதிபதிச் செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைவராக இருந்தார். முதலில் அறிவித்த உறுப்பினரில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு! இதைத் தவறுதல் என்று சொல்ல எங்களால் முடியாது. திட்டம் போட்டுச் செய்த அவமதிப்பு அது.

எதிர்க்கேள்வி ஒன்று தெற்கிலிருந்து அடிக்கடி வரும். “வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உங்கள் கோயில்கள் இருக்கின்றன. கதிர்காமத்தில் காவடி எடுக்கிறீர்கள். கொழும்பில் நாங்கள் சகித்துக்கொள்ளும்போது வடக்கில் ஒரு புத்தர் சிலையை உங்களால் சகிக்க முடியாதா?” இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, நியாயம் உள்ள கேள்வி. கொழும்புக் கோயில்கள் விலைகொடுத்தோ நன்கொடையாகவோ வந்த காணியில், அங்கே வாழ்ந்த மக்களால் கட்டப்பட்டவை. அவற்றுக்குக் காவலாக எந்தப் படையணியும் வரவில்லை. 1983 இனக்கலவரத்தில் அந்தக் காவல் தேவைப்பட்டபோதுகூட வரவில்லை. மன்னாரில் வாழும் பௌத்தர் மிகச் சிலர். மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் கத்தோலிக்கர். ஆனாலும், இங்கே வேலைக்கு வந்து தங்கும் ஒரு புகையிரத நிலைய அதிபருக்கோ ஆசிரியைக்கோ போயா தினத்தில் மலர் வைக்க ஒரு விகாரை வேண்டும் என்றால், அவர்கள் காணி வாங்கிப் பிரதேச சபையில் அனுமதி கேட்கட்டும். தமிழ் உறுப்பினர் யாராவது மறுத்தால் அவரையும் இதே பக்கத்தில் கண்டிப்போம். 2008இல் வந்த ஒரு சுற்றறிக்கையைக் காட்டி நாடெங்கும் சிறு சிறு ஜெபக்கூடங்களை மூடச் சொன்ன அதிகாரிகள், அதே தாளை எல்லா மதத்தின் முன்பும் நீட்டினால் போதும். வேறெந்தச் சலுகையும் நாம் கேட்கவில்லை.

நம் கைகளைப் பார்க்காமல் இந்தத் தீர்ப்பு நிறைவு பெறாது. 1544இல் மன்னாரில் புதிதாகக் கத்தோலிக்கம் தழுவிய அறுநூறு பேரளவில் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். சங்கிலி என்ற பெயருக்குச் சிலை வைத்துக் குதிரை ஏற்றியிருக்கிறோம். தோட்டவெளியில் அந்த மறைசாட்சிகளின் நினைவிடத்துக்கு நம்மில் எத்தனை சைவர் போயிருக்கிறோம்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி மக்கள் கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் ஓட வேண்டியிருந்தது. வடக்கு முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் 75,000 பேரளவில். அயலவர்கள் பெரும்பாலும் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் அண்மையில், 2019 மார்ச் 3ஆம் நாள், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் வைத்த தற்காலிக வளைவை மாந்தைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். நந்திக்கொடி காலடியில் கிடந்த காட்சியை நாடே கைபேசியில் பார்த்தது. ஒரே மொழி பேசுகிற, ஒரே குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற, ஒரே படையினரால் இடம்பெயர்க்கப்பட்ட இரு தரப்பு ஒரு வளைவுக்காக நீதிமன்றப் படி ஏறியபோது, மாதோட்ட விகாரையில் கட்டட வேலை எந்த இடையூறுமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அந்த வளைவைப் பிடுங்கிய கைகளும் குற்றவாளிக் கைகள்தான். ‘நம் ஆட்கள்’ என்பதால் தண்டனை குறையாது.

சிலையை உடைப்பவர்களைப் பற்றி உலகத்துக்கு ஒரே கருத்துதான். 2001 மார்ச்சில் பாமியான் மலைமுகத்தில் நின்ற இரு புத்தர்களைத் தலிபான் தகர்த்தபோது இலங்கையும் கண்டித்தது; சரியாகவே கண்டித்தது. 2007இல் பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் ஜஹானாபாத் பாறைப் புத்தரின் முகத்தை வெடிவைத்துப் பெயர்த்தார்கள். இத்தாலியத் தொல்லியலாளர்கள் பல ஆண்டு உழைத்து, சிதறிய துண்டுகளையும் பழைய படங்களையும் வைத்து அதை முடிந்த அளவு மீட்டார்கள். அங்கே சுற்றிலும் வாழ்பவர்கள் முஸ்லிம்கள். கும்பிட ஒருவரும் இல்லாத ஊரில் ஒரு புத்தரின் முகத்தைத் திருப்பித் தந்தார்கள். வெடி வைப்பதும் சிலை நடுவதும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. உடைந்தது திரும்பாது, நட்டதை அகற்றலாம். ஆனால் இரண்டும் ஒரே நோயிலிருந்து வருகின்றன. இந்த இடத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை என்று சொல்ல வேண்டும் என்ற வெறிதான் அந்த நோய். ஒருவன் அதை வெடிமருந்தால் சொல்கிறான், ஒருவன் சிமெந்தால் சொல்கிறான்.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைப் பார்த்து இரு தரப்பும் கற்கலாம். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஊரார் ஆடு வெட்டிக் கும்பிட்டு வந்த சிலை புத்தருடையது என்று வழக்குப் போனது. சென்னை உயர்நீதிமன்றம் தொல்லியல் துறையைப் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. வல்லுநர்கள் அமர்ந்த நிலையையும் கைமுத்திரையையும் தலைமுடியையும் பார்த்துப் புத்தர் என்றார்கள். 2022இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், முனியப்பனாக அதைத் தொடர்ந்து கும்பிட விடுவது முறையல்ல, தொல்லியல் துறை பொறுப்பேற்கட்டும் என்று தீர்ப்பளித்தார். தமிழ் ஊர், தமிழ் அதிகாரிகள், இந்துக்கள் நிறைந்த சூழல்; தீர்ப்பு புத்தருக்குச் சாதகம். முனியப்பனைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட குடும்பங்களின் வருத்தம் மெய்யானது. அவர்களுக்கு வேறோர் இடம் தந்து பேசி முடித்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. என்றாலும் நடந்த முறையைக் கவனியுங்கள்: மனு, ஆய்வு, அறிக்கை, வாதம், தீர்ப்பு. இரவோடிரவாக யாரும் எதையும் இறக்கவில்லை.

ஈழத்திலும் தமிழ்ப் பௌத்தத்துக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கப் பசுவும் காசும் கொடுத்தவர்களின் பெயர்கள் அங்கே தமிழில் வெட்டப்பட்டிருக்கின்றன. பொலன்னறுவையில் தந்ததாதுவைக் காக்க உறுதி எடுத்த வேளைக்காரப் படை தமிழில் சாசனம் எழுதியது. வல்லிபுரத்தில் கிடைத்த புத்தரை 1906இல் ஆளுநர் பிளேக் சியாம் மன்னருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தவர் எவரும் அன்று உரக்க அழுததாகத் தெரியவில்லை. கந்தரோடையின் சிறு தூபிகளை நாம் நூறு ஆண்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். ‘அது அவர்களுடையது’ என்று விட்டோம். விட்ட இடத்தில் பலகை நடப்பட்டதும் ஓடிவந்து கத்துகிறோம். வட மாகாணத்துப் பாடசாலை ஒன்றிலாவது தமிழ்ப் பௌத்தம் பற்றி ஒரு முழுப் பாடவேளை நடக்கிறதா என்று கல்வி அதிகாரிகள் சொல்லட்டும். இந்த அலட்சியம் நம் குற்றம். வேறு யார் தலையிலும் இதைக் கட்ட முடியாது.

இனி என்ன? 2024 பொதுத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்திலும் முதலிடம் பெற்ற கட்சிதான் இன்று ஆள்கிறது. மன்னாரின் வாக்கும் அதில் இருக்கிறது. அந்த வாக்குக்கு அது கடன்பட்டிருக்கிறது. விகாரையை இடிக்கச் சொல்லி நாம் கேட்கப்போவதில்லை. இடிப்பதில் இந்த மண் போதுமான அளவு கண்டுவிட்டது, போர்த்துக்கேயர் காலம் தொட்டு. ஆனால் அந்தக் காணியின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது திறந்த நீதிமன்றத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும். தனியாருடையது என்றால், காணியோ முழுப் பெறுமதியோ உரியவர் கைக்குப் போக வேண்டும், எது என்பதை அவரே தெரிவு செய்யட்டும். ரஜமகா என்ற சொல் அகழ்வாய்வு சான்று தரும் வரை பலகையிலிருந்து இறங்க வேண்டும். மாந்தை மேட்டிலும் அதன் சுற்றெல்லையிலும் சைவம், கத்தோலிக்கம், இஸ்லாம், பௌத்தம் எதன் பெயராலும் புதுச் செங்கல் ஒன்று ஏறக் கூடாது. கேதீச்சரக் கோயில் நிர்வாகமும் இதற்குக் கட்டுப்பட வேண்டும், அது அவர்களுக்குக் கசந்தாலும். போர் நிறுத்திய அகழ்வை முழுமையாக மறுபடி தொடங்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பேராதனையும் களனியும் சேர்ந்து செய்யட்டும், வெளிநாட்டு வல்லுநரும் இருக்கட்டும். மண்ணடியில் அவலோகிதர் வந்தால் அவலோகிதர், நடராசர் வந்தால் நடராசர், பாரசீகச் சிலுவை வந்தால் சிலுவை. எடுத்த இடத்துக்கு அருகே, மன்னாரிலேயே, ஒரு அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும், கொழும்புக்கு ஏற்றிவிடக் கூடாது.

அகழ்வறிக்கை வந்த பின் மொழிபெயர்ப்போம் என்ற பழைய கதை வேண்டாம். முதல் மண்வெட்டி விழும் முன்பே, குழுவில் யார் யார், எந்தக் காணி, எத்தனை மாதம், யார் பணம் என்ற விவரம் மூன்று மொழியிலும் மன்னார்க் கச்சேரி வாசலிலும், திருக்கேதீச்சர வாசலிலும், மாந்தை லூர்து மாதா ஆலய வாசலிலும், எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசலிலும், அந்த விகாரை வாசலிலும் ஒரே நாளில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.